ஒரு பள்ளத்தாக்கின் மரமும் ஒரு குன்றின் எலியும்: வொல்லமை பைன், எல்விரா எலி பற்றிய நிகழ்வு ஆய்வு

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ‘மிக அருகிய இனம்’ என்ற ஒரே நிலையில் வைக்கப்பட்டிருக்கும் இரண்டு உயிர்களை இந்த ஆய்வு அருகருகே வைத்துப் பார்க்கிறது. ஒன்று, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிட்னிக்கு வடமேற்கே உள்ள மணற்கல் மலைகளின் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் மட்டும் இயற்கையாக வளரும் வொல்லமை பைன் என்னும் கூம்புமரம். மற்றது, தமிழ்நாட்டின் கிழக்குத் தொடர்ச்சி மலையில், சேலம் மாவட்டத்துக் குரும்பப்பட்டியிலிருந்து அறிவியலுக்கு அறிமுகமான எல்விரா எலி. மரத்தையும் எலியையும் ஒப்பிடுவதில் என்ன பயன் என்று கேட்கலாம். உயிரின வகைப்பாட்டில் இரண்டும் வெகு தொலைவில் நிற்கின்றன என்பது உண்மைதான். ஆனால் இரண்டும் மிகச் சிறிய நிலப்பரப்பை மட்டுமே நம்பி வாழ்கின்றன, அந்த இடம் போனால் இனமே போய்விடும் என்ற நெருக்கடி இரண்டுக்கும் பொது. நிலை ஒன்றாக இருந்தும் கிடைத்த கவனிப்பு ஏன் இவ்வளவு வேறுபட்டது, அந்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கு உயிரியலால் வந்தது, எவ்வளவு பங்கு மனிதரின் மனச்சாய்வால் வந்தது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட கேள்வி.

பெங்களூரில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. லால்பாகில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மரம் பார்க்கக் கூடும் எங்கள் தமிழ் நண்பர்கள் குழுவில் பெரும்பாலோருக்குச் சொந்த ஊர் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஓசூர் வழியாக ஊருக்குப் போகும்போது, கிருஷ்ணகிரியைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் எழும் பாறைக்குன்றுகளைப் பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். எல்விரா எலி வாழ்வது அத்தகைய பாறையும் புதர்க்காடும் சேர்ந்த நிலத்தில்தான். லால்பாகிலோ, வொல்லமை பைனின் குடும்பத்தைச் சேர்ந்த அரக்கேரியா மரங்கள் வானுயர நிற்கின்றன. நகரத்தில் பலர் அவற்றைக் கிறிஸ்துமஸ் மரம் என்றே அழைக்கிறார்கள். அந்த மரங்களின் அடியில் குனிந்து பார்த்தால், இலை தனித்தனியாக உதிர்ந்து கிடக்காது; கயிறு முறுக்கியது போன்ற சிறு கிளைகள் இலைகளோடு முழுதாகக் கழன்று விழுந்து காய்ந்து கிடக்கும். கிளையையே இப்படி உதிர்க்கும் வழக்கம் வொல்லமை பைனுக்கும் உண்டு. ஆகவே மரத்தின் உறவினரைத் தொட்டுப் பார்க்கவும், எலியின் நிலத்தை ஊர்ப் பயணத்தில் கண்ணால் காணவும் வாய்த்த ஓர் இடத்திலிருந்து இந்த ஒப்பீடு எழுதப்படுகிறது.

மரம்: 1994 முதல் இன்றுவரை

1994 செப்டம்பரில், நியூ சவுத் வேல்ஸ் தேசியப் பூங்காத் துறை ஊழியரான டேவிட் நோபிள், வொல்லமை தேசியப் பூங்காவின் ஆழமான ஒரு பள்ளத்தாக்கில் கயிறு கட்டி இறங்கியபோது, தமக்குப் பழக்கமில்லாத மரங்களைக் கண்டார். தாவரங்களில் அவருக்கு இருந்த ஈடுபாட்டால் ஒரு சிறு கிளையை எடுத்து வந்து காட்டினார். அறிந்த எந்தப் பேரினத்திலும் அதை அடக்க முடியாமல், 1995-இல் தனிப் பேரினமாகவே அதை விவரித்து, கண்டெடுத்தவரை நினைவுகூரும் வகையில் வொல்லமியா நோபிலிஸ் என்று பெயரிட்டார்கள். அரக்கேரியா, அகாதிஸ் என்ற இரண்டு பேரினங்கள் மட்டுமே உயிரோடு இருப்பதாகக் கருதப்பட்ட குடும்பத்தில் மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது. ஒரு பெரிய நகரத்திலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில், 40 மீட்டர் வரை உயரும் மரம் ஒன்று இத்தனை காலம் எவர் கண்ணிலும் படாமல் இருந்தது என்ற செய்தியே உலகம் முழுவதும் அதற்குப் புகழைத் தேடித் தந்தது.

பெயரில் பைன் இருந்தாலும் அது உண்மையில் பைன் மரம் இல்லை. இமயமலையில் நாம் காணும் பைன்களின் குடும்பம் வேறு. வொல்லமையின் முதிர்ந்த அடிமரப் பட்டை, பொங்கி வரும் சாக்லேட் குழம்பு அப்படியே உறைந்தது போல, பழுப்பு நிறக் குமிழ்களால் மூடியிருக்கும். ஒரே வேரடியிலிருந்து பல தண்டுகள் கிளம்புவது இதன் இயல்பு. ஒரு தண்டு முறிந்தாலும் எரிந்தாலும் அடியிலிருந்து புதுத் துளிர் வரும். குளிர்காலத்தில் வளர்நுனிகளின் மேல் வெள்ளைப் பிசின் கவசம் படர்ந்து மொட்டைக் காக்கும். ஆண் கூம்பும் பெண் கூம்பும் ஒரே மரத்தில், கிளைகளின் நுனியில் தோன்றும். மகரந்தத்தைக் காற்று கொண்டு செல்லும். இதன் மகரந்தத்தோடு பெரிதும் ஒத்த புதைபடிவ மகரந்தங்கள் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய படிவுகளில் கிடைத்துள்ளன. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்திருந்த கோண்டுவானா என்னும் பழங்கால நிலப்பரப்பு ஒன்றாக இருந்த காலத்தில் இந்தக் குடும்பம் நம் பக்கமும் பரவியிருந்தது. சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகளில் அரக்கேரியா உறவினங்களின் பதிவுகள் கிடைத்திருப்பதைத் தமிழ் வாசகர்கள் நினைவில் கொள்வது நல்லது. மரம் அயல்நாட்டது என்றாலும் அதன் கால்வழி நம் மண்ணுக்கு அந்நியமானது இல்லை.

இயற்கையில் நிற்கும் முதிர்ந்த மரங்கள் 100-க்கும் குறைவு. அவற்றுக்குள் மரபணு வேறுபாடு மிகக் குறைவு என்பது அதைவிடக் கவலைக்குரியது. தொடக்கக்கால ஆய்வுகளில் மரத்துக்கு மரம் வேறுபாடே தென்படவில்லை. பின்னர் வந்த நுட்பமான முறைகள்தான் சிறிதளவு வேறுபாட்டைக் காட்டின. 2023-இல் வெளியான முழு மரபணுத் தொகுப்பு ஆய்வு, அந்தத் தொகுப்பு 1,220 கோடி காரச் சோடிகள் (டி.என்.ஏ. இழையின் அடிப்படை அலகுகள்) கொண்டது என்றும், நோய்க்கு எளிதில் இடங்கொடுக்கும் தன்மைக்கு அதிலேயே காரணங்கள் உள்ளன என்றும் காட்டியது. நோய் என்பது வெறும் அச்சமாக நின்றுவிடவில்லை. மண்ணில் வாழ்ந்து வேரை அழுகச் செய்யும் பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிர் 2005-இல் அந்தப் பள்ளத்தாக்கிலேயே கண்டறியப்பட்டது. அனுமதியின்றி உள்ளே நுழைந்தவர்களின் காலணி மண்ணோடு அது வந்திருக்கலாம் என்பதே பொதுவான கருத்து. மரங்கள் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பின் முதல் நாளிலிருந்து இரகசியமாக வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

இரகசியத்தோடு நின்றுவிடாமல், எதிர்த்திசையிலும் ஒரு வேலை நடந்தது. மரத்தை யாரும் தேடிப் போகாதிருக்க வேண்டுமானால் மரமே எல்லோரிடமும் போய்ச் சேர வேண்டும் என்று முடிவு செய்து, தண்டுத் துண்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் கன்றுகளை உருவாக்கினார்கள். 2005-இல் முதல் தொகுதி ஏலம் விடப்பட்டது; 2006 முதல் பொதுமக்கள் விலைக்கு வாங்கித் தொட்டியில் வளர்க்கத் தொடங்கினார்கள். 2012-இலிருந்து காட்டுக்குள்ளேயே வேறு இடங்களில் கன்றுகள் நடப்பட்டன. 2023-இல், ஒன்றுக்கொன்று மரபணுவில் வேறுபட்ட கன்றுகளாகத் தேர்ந்தெடுத்து, சுமார் 170 கன்றுகளைப் பெரும்பாலும் ஐரோப்பாவில் உள்ள 28 தாவரவியல் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். எஞ்சியிருக்கும் சிறு வேறுபாட்டையும் ஒரே இடத்தில் வைத்து இழந்துவிடக் கூடாது என்ற கணக்கு அதில் தெரிகிறது.

இந்தக் கவனிப்பின் உச்சம் 2019-20 கோடைத் தீயின்போது வெளிப்பட்டது. மின்னல் விழுந்து மூண்ட காஸ்பர்ஸ் மலைத் தீ 5 இலட்சம் எக்டேருக்கு மேல் எரித்து வொல்லமை பூங்காவை விழுங்கிக்கொண்டு வந்தபோது, தீத் தடுப்புக் கரைசலை விமானங்கள் பொழிந்தன. ஹெலிகாப்டரிலிருந்து வடம் வழியாக இறக்கப்பட்ட தீயணைப்பு வீரர்கள் பள்ளத்தாக்கில் நீர்த்தெளிப்பான்களை அமைத்து நிலத்தை நனைத்தார்கள். சில மரங்கள் கருகின, ஒன்றிரண்டு மாண்டன, ஆனால் தோப்பு பிழைத்தது. எரிந்துகொண்டிருந்த ஒரு மாநிலம், ஒரு மர இனத்துக்காக ஆளும் எந்திரமும் ஒதுக்கியது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் நெகிழ்கிறது. எந்த உயிருக்கும் கிடைக்க வேண்டிய மரியாதை அது.

எலி: 1946-இன் ஒரு விவரணை

எல்விரா எலியின் கதையில் இத்தனை ஆண்டுக் கணக்கு இல்லை. இங்கிலாந்தின் பெருஞ்செல்வர்களில் ஒருவரும், எலி, அணில் போன்ற கொறிணிகளைப் பற்றித் தீவிரமாக உழைத்தவருமான சர் ஜான் எல்லர்மேன், அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்த மாதிரிகளை வைத்து 1946-இல் இதை விவரித்தார். கிரெம்னோமிஸ் எல்விரா என்பது இதன் இன்றைய அறிவியல் பெயர். இதே பேரினத்தில் வரும் கட்ச் பாறை எலி குஜராத்திலிருந்து தென்னிந்தியா வரை பல இடங்களில் பரவியிருக்க, எல்விரா எலிக்கோ குரும்பப்பட்டி என்ற ஒரே ஊர்ப்பெயர்தான் அடையாளச் சீட்டில் நிற்கிறது.

நடுத்தர உடல், இரவில் நடமாட்டம், வளையில் வாழ்க்கை, சுமார் 600 மீட்டர் உயரத்தில் பாறை செறிந்த வறண்ட இலையுதிர் புதர்க்காடு. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2011-இல் மிக அருகிய விலங்குகளைப் பற்றி வெளியிட்ட நூலில் இந்த எலிக்குக் கொடுத்த குறிப்பு ஏறக்குறைய இவ்வளவுதான். வாழிடம் அழிதல், காடு வேறு பயன்பாட்டுக்கு மாற்றப்படுதல், விறகுக்கு வெட்டுதல் ஆகியவை அச்சுறுத்தல்களாகச் சொல்லப்பட்டுள்ளன. புனேக்கு அருகே சிங்ககட் கோட்டை மேட்டில் வாழும் கொண்டானா எலியும் அதே நூலில் இடம்பெற்றுள்ளது. அங்கே மேய்ச்சலும் சுற்றுலாக் கூட்டமும் சிக்கல். பிக்மி காட்டுப்பன்றி, காஷ்மீர் மான், சுமத்ரா காண்டாமிருகம் ஆகியவற்றோடு இரண்டு எலிகள் ஒரே வரிசையில் அமர்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் மிகச் சிலர்.

குரும்பப்பட்டி என்றால் சேலத்துக்காரர்களுக்கு வன உயிரியல் பூங்காதான் நினைவுக்கு வரும். சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், ஏற்காட்டுக்கு ஏறும் பாதைக்கு அருகில் இருக்கும் இடம். மலை முழுவதும் சார்னோக்கைட் என்னும் கருநிறப் பாறை. அடிவாரச் சரிவுகளில் விராலி, கிளுவை, வெப்பாலை, உசில் எனக் குட்டையான மரஞ்செடிகளும், அவற்றை நெருக்கிக்கொண்டு உண்ணிச்செடியும் வளர்ந்திருக்கும். பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்கும் இடங்களில் உண்டாகும் சந்துகள் பகலில் வெளியைவிடக் குளிர்ச்சியாக இருக்கும், ஈரப்பதத்தையும் சற்றுத் தக்கவைக்கும். ஆந்தைக்கும் நரிக்கும் எட்டாத ஆழமும் அவற்றுக்கு உண்டு. பாறை எலிகளுக்கு அந்தச் சந்துதான் வீடு, புதர்தான் உணவுக் களம். புதரை வெட்டினால் எலி பசியால் போகும், பாறையை வெட்டினால் வீடே இராது.

எங்கள் குழுவில் தாரமங்கலத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மகன் வீட்டில் அல்சூரில் இருப்பவர். இந்த எலியைப் பற்றி நான் சொன்னதும் அவர் கேட்டது நேரான கேள்வி. “தம்பி, எங்க ஊர்ல எலியக் காப்பாத்தணும்னு போய்ச் சொன்னா எவன் காது குடுப்பான்? நெல்லு மூட்டையக் கடிக்கிறது அதுதானேன்னு கேப்பான்.” அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மூட்டையைக் கடிப்பது வீட்டெலி, வயலில் கதிரைத் தறிப்பது வயல் எலி, சாக்கடையைக் குடைவது பெருச்சாளி. பாறைச்சந்தில் வாழும் எலிக்கு இவற்றில் பங்கில்லை என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொன்னதில்லை. “அப்படின்னா அதை வேற மாதிரிதான் பார்க்கணும், ஐயா” என்றேன். “ஆளுக்கு ஆள் காட்டிக் குடுத்தாத்தான் பார்ப்பான்” என்றார். இந்த இரண்டாவது கருத்தைப் பின்னால் எடுத்துக்கொள்கிறேன்.

பொதுமக்கள் மட்டும் எல்லா எலியையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, தீங்குயிரிகள் என்ற தலைப்பில் காகம், பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு எலி, சுண்டெலி என்று இனம் பிரிக்காமல் பொதுவாகவே குறிப்பிட்டிருந்தது. அதாவது, ஒரு பக்கம் அதே அமைச்சகம் எல்விரா எலியை மிக அருகிய விலங்கு என்று நூல் வெளியிட்டிருக்க, மறுபக்கம் சட்டத்தின் சொல் அதைத் தீங்குயிரிகளின் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டவில்லை. கோவையைச் சேர்ந்த ஸூ அவுட்ரீச் அமைப்பு 2005-இல் வெளியிட்ட தெற்காசியச் சிறு பாலூட்டிகள் அறிக்கை, இந்தியக் கொறிணிகளின் நிலையை இனம் இனமாக மதிப்பிட்டிருந்தது. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அந்த அட்டவணை நீக்கப்பட்டது. காலம் கடந்து வந்தாலும் நல்ல மாற்றம் இது. ஆனால் ஐம்பது ஆண்டுகள் தீங்குயிரி என்ற பெயரின் கீழ் இருந்த ஒரு விலங்கைத் தேடிச் செல்ல எந்த ஆய்வாளருக்கு நிதி கிடைத்திருக்கும், எந்த வன அலுவலர் அதற்கென்று நேரம் ஒதுக்கியிருப்பார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது

மேலோட்டமாகப் பார்த்தால் இது அழகான மரத்துக்கும் அருவருப்பான எலிக்கும் இடையிலான பாரபட்சம் என்று முடித்துவிடலாம். பாரபட்சம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிதான் விளங்கும். மரத்துக்குக் கிடைத்த ஒவ்வொரு பாதுகாப்பையும் உற்றுப் பார்த்தால், அது நின்ற இடத்தில் நிற்கும் உயிர் என்பதால்தான் அவை எல்லாம் சாத்தியமாயின என்பது தெரியும். ஒவ்வொரு மரத்தையும் எண்ணலாம், அடையாளமிடலாம், சென்ற ஆண்டு இருந்ததா இந்த ஆண்டும் இருக்கிறதா என்று போய்ப் பார்க்கலாம். தீ வரும்போது எந்த இடத்தில் குழாயை இறக்குவது என்று தெரியும். ஒரு துண்டத்தை வெட்டி வேறொரு கண்டத்தில் நட்டால் அதே மரம் அங்கே வளரும். தனிமரத்தைக் காத்தால் இனத்தைக் காத்ததாகும் என்ற வாய்ப்பு வொல்லமைக்கு இருக்கிறது.

எலிக்கு இந்த வாய்ப்பு எதுவும் இல்லை. பிடித்த எலியை விட்டால் மறுநாள் அது எந்தச் சந்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. எலியின் ஆயுள் குறுகியது. இன்று காணும் எலியை ஐந்து ஆண்டு கழித்துக் காக்க முடியாது, அதன் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளைத்தான் காக்க முடியும். எனவே எலியைப் பொறுத்தவரை காக்கத்தக்க அலகு தனியுயிர் ஆகாது, குன்றுதான் அந்த அலகு. இங்கேதான் நம் நடைமுறை தலைகீழாக இருக்கிறது. முதலில் எலியைக் கண்டுபிடியுங்கள், பிறகு குன்றைக் காப்போம் என்று காத்திருக்கிறோம். குன்று நின்றால்தான் தேடுவதற்கு இடம் இருக்கும் என்பதால், வரிசையை மாற்றி, முதலில் குன்றைக் காத்துவிட்டுப் பிறகு தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அச்சுறுத்தலின் வேகத்திலும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. மரத்துக்கு வருவது திடீர் ஆபத்து: ஒரு கோடைத் தீ, ஒரு காலணியில் ஒட்டிய மண். ஆண்டின் பெரும்பகுதி அந்தப் பள்ளத்தாக்கு அமைதியாகவே இருக்கும்; ஆபத்து வரும் நாளில் அசாதாரண முயற்சி தேவைப்படும். எலிக்கு வருவது அன்றாடத் தேய்வு. இன்று ஒரு சுமை விறகு, நாளை ஒரு மந்தை ஆடு, அடுத்த ஆண்டு சரிவின் அடியில் ஒரு மனைப்பிரிவு, அதற்குச் சரளை வேண்டி ஒரு கல்குவாரி. எந்த ஒரு நாளும் செய்தியாவதில்லை. ஹெலிகாப்டரை அனுப்பும் அளவுக்கு ஒரு நெருக்கடி நாள் இந்த எலியின் வாழ்வில் வரப்போவதே இல்லை. அதனாலேயே அதற்கு உதவியும் வருவதில்லை. விறகு வெட்டுகிற குடும்பத்தைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. எரிவாயு உருளையின் விலை கைக்கு எட்டாதபோது அடுப்புக்கு எது கிடைக்குமோ அதைத்தான் அவர்கள் எடுக்கிறார்கள். அவர்கள் எடுக்கும் சுள்ளியைவிடக் குவாரியின் ஒரு வெடிப்பு பலமடங்கு அழிவைத் தரும்.

மறுபுறம், எலிக்குச் சாதகமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வொல்லமை போன்ற மரம் விதையிலிருந்து முதிர நெடுங்காலம் ஆகும்; மரபணு வேறுபாடு குன்றிய நிலையில் புதிய நோய்க்கு ஈடுகொடுக்கும் ஆற்றலும் குறைவு. கொறிணிகளோ ஓரிரு ஆண்டுகளில் பல தலைமுறை பெருகக் கூடியவை. வாழிடம் கெடாமல் இருந்தால், வறட்சியில் சரிந்த எண்ணிக்கை நல்ல மழைக்குப் பின் மீண்டுவிடும். மரத்துக்கு மனிதர் தொடர்ந்து செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. எலிக்கு மனிதர் சிலவற்றைச் செய்யாமல் இருந்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். செலவுக் கணக்கு பார்க்கிறவர்கள்கூட எலியின் பக்கம் நிற்க இதுவே போதுமான காரணம்.

தாரமங்கலத்துப் பெரியவர் சொன்ன, ஆளுக்கு ஆள் காட்டிக்கொடுப்பது என்ற கருத்துக்கு வருகிறேன். வொல்லமையின் இடத்தை மறைத்து வைக்க முடிந்ததற்குக் காரணம், அந்தப் பள்ளத்தாக்கில் ஊர் கிடையாது, சாலை கிடையாது. சேர்வராயன் அடிவாரம் அப்படிப்பட்டது இல்லை. தலைமுறைகளாக மக்கள் வாழ்ந்து, ஆடு மேய்த்து, கோயில் கட்டிக் கும்பிடும் இடம். இங்கே இரகசியம் பயன் தராது. தெரியாத ஒன்றை யாரும் காக்க மாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் மறைத்ததால் பிழைத்தது மரம் என்றால், சேலத்தில் சொல்வதால்தான் எலி பிழைக்கும். அயலூர் வழிமுறையை அப்படியே கொண்டு வந்து இங்கே பொருத்துகிற பழக்கம் நம் பாதுகாப்புத் திட்டங்களில் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வொல்லமையிடமிருந்து கற்க வேண்டியது அதன் இரகசியத்தை அன்று. ஓர் இனத்துக்கென்று எழுதப்பட்ட மீட்புத் திட்டம், அதற்குப் பொறுப்பேற்ற ஒரு குழு, ஆண்டுதோறும் விடாமல் சென்று பார்க்கும் ஒழுக்கம் ஆகியவற்றைத்தான்.

குரும்பப்பட்டியில் தொடங்கக்கூடியது

தேடுதல் என்பது எப்படி இருக்கும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்வது பயனுடையது, ஏனெனில் அது எளிய வேலை என்றும் பெரும் செலவு என்றும் இருவேறு தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. ஷெர்மன் பொறி என்று அழைக்கப்படும், மடக்கக்கூடிய அலுமினியப் பெட்டிப் பொறிகளைப் பொழுது சாயும் நேரத்தில் பாறைச்சந்துகளின் வாய் ஓரமாக, சம இடைவெளியில் வரிசையாக வைப்பார்கள். வறுத்த நிலக்கடலையை அரைத்து, கம்பு மாவோடு பிசைந்து உருட்டி உள்ளே வைப்பது வழக்கம். எலி உள்ளே போனால் கதவு மூடிக்கொள்ளும், அடிபடாது. விடிந்ததும் வெயில் ஏறுமுன் எல்லாப் பொறிகளையும் பார்த்துவிட வேண்டும். பாறையில் வைத்த அலுமினியப் பெட்டி சூடேறினால் உள்ளே இருப்பது செத்துவிடும். கிடைப்பதில் பெரும்பாலானவை வேறு இனங்களாக இருக்கும். வாலின் நுனிப்பகுதி வெண்மையாக இருந்தால் அது வெண்வால் எலி. முதுகு மயிர் முள்ளாகக் குத்தினால் முள் சுண்டெலி. பின்னங்கால் நீளம், வால் நீளம், காது ஆகியவற்றை அளந்து, காது ஓரத்தில் துளியளவு திசு எடுத்து, பிடித்த அதே சந்தில் விட்டுவிட வேண்டும்.

திசு ஏன் தேவை என்றால், பாறை எலிகளைக் கண்ணால் மட்டும் உறுதியாகப் பிரிப்பது கடினம், மண்டையோட்டைப் பார்க்க வேண்டுமானால் எலியைக் கொல்ல நேரிடும். பல பத்தாண்டுகளுக்கு முன் பதப்படுத்தப்பட்ட தோல்களிலிருந்தும் மரபணுத் துணுக்குகளைப் பெறும் முறைகள் இன்று கைவந்துவிட்டன. 1946-இன் விவரணைக்கு அடிப்படையான பழைய மாதிரிகளோடு குன்றில் எடுத்த திசுவை ஒப்பிட்டால் விடை கிடைக்கும். அதைச் செய்யத்தக்க ஆய்வகங்கள் பெங்களூரிலேயே இருக்கின்றன; சேலத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தொலைவு, ஒரு காலைப் பயணம். தமிழ்நாடு வனத்துறையின் அனுமதி, உள்ளூரை அறிந்த இளைஞர்கள் சிலர், கல்லூரி மாணவர்கள், பொறிகள், ஆண்டின் வெவ்வேறு பருவங்களில் திரும்பத் திரும்பச் செல்லும் பொறுமை, இவைதான் மூலதனம். ஒரே ஒரு முறை சென்று கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டு வருவதால் பயனில்லை. குரும்பப்பட்டிச் சரிவோடு நில்லாமல், சேர்வராயன், கல்வராயன், சித்தேரி மலைகளின் அதே உயரமுள்ள பாறைச்சரிவுகளிலும் பார்க்க வேண்டும். ஓர் இனம் ஒரே ஊரில் மட்டும் பதிவாகியிருப்பதற்கு, அந்த ஊரில் மட்டும் தேடியதும் காரணமாக இருக்கலாம்.

தேடல் நடக்கும் காலத்திலேயே செய்ய வேண்டிய வேலை இன்னொன்று. குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கு விடுமுறை நாட்களில் வரும் குழந்தைகள் மானையும் மயிலையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த ஊரின் பெயரைத் தன் பிறப்பிடமாகச் சுமக்கும் எலியைப் பற்றி, அங்கே வருகிற ஒவ்வொருவரும் படிக்கும்படி, நல்ல தமிழில், மூட்டை கடிக்கும் எலிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் படம் வரைந்து காட்டும் பலகை ஒன்று நிற்க வேண்டும். மலையடிவார ஊர்களின் கிராம சபையில் வனத்துறையினரே வந்து இதைச் சொல்ல வேண்டும். திசு ஒப்பீட்டின் முடிவு சாதகமாக வந்தாலும் வராவிட்டாலும், அந்தப் பாறைச்சரிவுகளில் புதிய குவாரிக்கும் மனைப்பிரிவுக்கும் இடமில்லை என்ற வரி, வனக்கோட்டத்தின் அடுத்த செயல்திட்டத்தில் எல்விரா எலியின் பெயரோடு ஏற வேண்டும்.